பாய்லர் எரிகிறது, வீடு ஏன் சூடாகவில்லை?

இங்கே இங்கிலாந்தில் டிசம்பர் பிறந்துவிட்டால் நண்பர்களிடமிருந்து எனக்கு வரும் கேள்விகளில் பாதி ஒரே கேள்விதான். "ஹீட்டிங் காலையிலேர்ந்து ஓடுது, ரேடியேட்டர் தொட்டா சுடுது, ஆனா ரூம் பதினஞ்சு டிகிரியைத் தாண்ட மாட்டேங்குது. பாய்லரை மாத்திடலாமா?"

பாய்லரை மாற்றுவது சில ஆயிரம் பவுண்டு செலவாகும் வேலை. மாற்றிய பிறகும் வீடு அதே பதினைந்து டிகிரியில் நிற்க நிறைய வாய்ப்பு இருக்கிறது. அது ஏன் என்பதைத்தான் இந்தக் குறிப்பில் எழுதப்போகிறேன். நான் ஹீட்டிங் இன்ஜினியர் கிடையாது, மென்பொருள்காரன். ஆனால் இந்த விஷயத்தில் பள்ளிக்கூட இயற்பியலுக்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. ஒரு புரோகிராம் வேலை செய்யாதபோது எந்த இடம்வரை சரியாக வருகிறது, எங்கே உடைகிறது என்று பாதி பாதியாகப் பிரித்துப் பார்ப்போம் இல்லையா? அதே முறைதான்.

முதலில் ஒரு வித்தியாசத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் மொழியில் கணப்பு என்று ஒரு சொல் இருக்கிறது. நெடுநல்வாடையில் வாடைக்காலத்துக்கு வைத்த நெருப்புச் சட்டிக்குத் தடவு என்று பெயர். இரண்டுமே பக்கத்தில் உட்காரும் ஆளைச் சூடாக்குபவை. சென்ட்ரல் ஹீட்டிங் செய்யவேண்டிய வேலை வேறு. அது கட்டடத்தையே சூடாக்க வேண்டும், கட்டடம் வெளியே விடும் வெப்பத்தை விடாமல் ஈடுகட்டிக்கொண்டே இருக்கவேண்டும். அதனால் ரேடியேட்டர் கையைச் சுடுகிறது என்பதும் அறை சூடாகும் என்பதும் ஒன்றல்ல.

வீடு சூடாகாததற்கு மூன்றே இடங்களில்தான் காரணம் இருக்கமுடியும். வெப்பம் உண்டாகவில்லை. உண்டானது அறைக்கு வந்துசேரவில்லை. வந்துசேர்ந்தது அதைவிட வேகமாக வெளியே போகிறது. இந்த வரிசையிலேயே பார்க்கலாம். நான் எடுத்துக்கொள்வது பிரிட்டனில் பரவலாக உள்ள அமைப்பு: கேஸில் எரியும் காம்பி பாய்லர், சுடுதண்ணீர் ஓடும் ரேடியேட்டர்கள். அமெரிக்கா, கனடா வீடுகளில் தண்ணீருக்குப் பதில் குழாய்வழியே சூடான காற்று வரும். உறுப்புகள் மாறும், மூன்று கேள்விகளும் மாறாது.

1. வெப்பம் உண்டாகிறதா?

குளியலறைக் குழாயில் வெந்நீர் திறந்துபாருங்கள். காம்பி பாய்லரில் குழாய் வெந்நீரும் ரேடியேட்டர் தண்ணீரும் ஒரே பர்னரில்தான் சூடாகின்றன. குழாயில் வெந்நீர் நன்றாக வந்தால் கேஸ் வருகிறது, பர்னர் எரிகிறது என்று அர்த்தம். ஒரே சோதனையில் பிரச்சினையின் பாதி விலகிவிட்டது. வெந்நீர் வந்து, எல்லா ரேடியேட்டரும் சில்லென்று இருந்தால், தெர்மோஸ்டாட் பாய்லரைக் கூப்பிடவில்லை, அல்லது தண்ணீரைக் குழாய்ப் பக்கமும் ரேடியேட்டர் பக்கமும் திருப்பிவிடும் வால்வு சிக்கியிருக்கிறது, அல்லது பம்ப் சுற்றவில்லை.

வெந்நீரும் வரவில்லையா? பாய்லரில் உள்ள அழுத்தமானியைப் பாருங்கள். தண்ணீர் ஆறியிருக்கும்போது 1 முதல் 1.5 பார் இருக்கவேண்டும். அதற்குக் கீழே மிகவும் இறங்கினால் பல பாய்லர்கள் தாமாகவே நின்றுவிடும். நிரப்பும் குழாயைத் திறந்து அழுத்தத்தை ஏற்றுவது எப்படி என்று கையேட்டில் போட்டிருக்கும், அதை நாமே செய்யலாம். ஆனால் வாராவாரம் ஏற்றவேண்டி வந்தால் எங்கேயோ கசிகிறது, அல்லது பாய்லரின் விரிவுக்கலத்தில் காற்று போய்விட்டது. அதற்கு ஆள் வரவேண்டும்.

கடுங்குளிரில் மட்டும் நிற்கும் பாய்லருக்கு வேறொரு காரணம் உண்டு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005 ஏப்ரலிலிருந்து, சில விலக்குகள் தவிர, புதிதாகப் பொருத்தும் கேஸ் பாய்லர்கள் கண்டென்சிங் வகையாக இருக்கவேண்டும் என்று விதி வந்தது. இவை புகையிலுள்ள நீராவியைக் குளிரவைத்து அதன் வெப்பத்தையும் பிடித்துக்கொள்கின்றன. அப்படித் தண்ணீராக மாறியது ஒரு பிளாஸ்டிக் குழாய் வழியாக வெளியே சொட்டும். அந்தக் குழாய் மெல்லியதாக, வெளிச்சுவரில் ஓடினால் உறைந்து அடைத்துக்கொள்ளும். தண்ணீர் போக வழியில்லாமல் பாய்லர் நின்றுவிடும். 2010 டிசம்பர் குளிரில் இப்படி ஏராளமான வீடுகளில் ஹீட்டிங் நின்றது. வெதுவெதுப்பான தண்ணீரைக் குழாய்மேல் ஊற்றினால் போதும், கொதிநீர் ஊற்றக்கூடாது. பிறகு அந்தக் குழாயைப் பெரிதாக மாற்றி உறை போட்டுவிட்டால் அடுத்த வருடம் கவலையில்லை.

இந்தப் பகுதியில் நம் கை போகவேண்டிய எல்லை இதுவரைதான். பாய்லரின் மூடியைக் கழற்றுவதும் கேஸைத் தொடுவதும் கேஸ் சேஃப் பதிவு உள்ளவரின் வேலை. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. அதற்கான அலாரம் ஒன்று வீட்டில் இல்லையென்றால் மீதிக் கட்டுரையைப் பிறகு படிக்கலாம், முதலில் அதை வாங்குங்கள்.

2. அறைக்கு வந்துசேருகிறதா?

இதற்கு ஒரு தாள், ஒரு பேனா, இரண்டு கைகள் போதும். ஹீட்டிங்கைப் போட்டு அரைமணி நேரம் கழித்து ஒவ்வொரு ரேடியேட்டரையும் மேலே, கீழே, நடுவே, உள்ளே வரும் குழாய், வெளியே போகும் குழாய் என்று தொட்டுப்பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். சுடும், சில இடங்களில் புறங்கையால் தொடுங்கள். இந்தத் தாளில் என்ன தெரிகிறது என்று பார்ப்போம்.

மேலே சில்லென்று, கீழே சூடாக இருந்தால் உள்ளே காற்று தங்கியிருக்கிறது. ஹீட்டிங்கை நிறுத்தி, ஆறவிட்டு, ரேடியேட்டர் சாவியால் மேல்மூலைத் திருகைச் சற்றே திறந்தால் உஸ்ஸென்று காற்று போய்த் தண்ணீர் எட்டிப்பார்க்கும். மூடிவிட்டு மறுபடியும் அழுத்தமானியைப் பாருங்கள்.

மேலே சூடாக, கீழே நடுப்பகுதியில் மட்டும் சில்லென்று இருந்தால் அது கசடு. ரேடியேட்டர் இரும்பு. உள்ளே ஓடும் தண்ணீரில் மெல்ல அரித்து மேக்னடைட் என்கிற கறுப்பு இரும்பு ஆக்ஸைடாகிறது. அது சேறுபோல அடியில் படியும். காந்தத்தில் ஒட்டும் பொருள் என்பதால்தான் பாய்லருக்குப் பக்கத்தில் காந்த வடிகட்டி வைக்கிறார்கள். இதற்கு மருந்து, சுத்தம்செய்யும் ரசாயனத்தை விட்டு அலசுவதும், பிறகு அரிப்பைத் தடுக்கும் திரவத்தைச் சேர்ப்பதும். கசடு இருக்கும்போதே புதுப் பாய்லரைப் பொருத்தினால் அதே சேறு புதுப் பாய்லருக்குள் போய் அடைக்கும்.

ஒரே ஒரு ரேடியேட்டர் மட்டும் முழுக்கச் சில்லென்று இருந்தால், அதன் தெர்மோஸ்டாட் வால்வின் தலையைக் கழற்றிப் பாருங்கள். நடுவில் ஒரு சிறு ஊசி இருக்கும். விரலால் அல்லது ஏதாவது தட்டையான பொருளால் அழுத்தினால் உள்ளே போய்த் தானே வெளியே வரவேண்டும். கோடைமுழுதும் மூடியே கிடந்தால் அது உள்ளேயே ஒட்டிக்கொள்ளும். மெல்லத் தட்டினால் பல சமயம் விடுபட்டுவிடும். அதை இடுக்கியால் பிடித்து இழுக்காதீர்கள், ஊசி கையோடு வந்தால் தண்ணீரும் வரும்.

பாய்லருக்குப் பக்கத்தில் உள்ளவை சுட்டுத்தள்ள, தூரத்தில் உள்ளவை வெதுவெதுவென்று இருந்தால்? இதைத்தான் ஆட்கள் "பாய்லருக்குச் சக்தி போதவில்லை" என்று அதிகமாகத் தப்பாகப் படிக்கிறார்கள். தண்ணீர் எளிதான வழியில்தான் ஓடும். பக்கத்து ரேடியேட்டர் வழியாகச் சுற்றித் திரும்புவது சுலபமாக இருக்கும்போது அது மாடிக்கோடி அறைவரை ஏன் போகவேண்டும்? ரேடியேட்டரின் இன்னொரு முனையில், மூடியிட்ட லாக்ஷீல்டு என்கிற வால்வு இருக்கிறதே, அது இதற்காகத்தான். எல்லாவற்றையும் திறந்துவிட்டு, ஆறிய நிலையிலிருந்து ஹீட்டிங்கைப் போட்டு, எது முதலில் சூடாகிறது, எது கடைசி என்று வரிசை எழுதுங்கள். முதலில் சூடாவதை ஏறக்குறைய மூடி, கால் சுற்று திறந்து வையுங்கள். அடுத்ததைச் சற்று அதிகமாக. கடைசியானதை முழுவதும் திறந்தே விடுங்கள். ஒவ்வொன்றையும் தொடுவதற்கு முன் எத்தனை சுற்று திறந்திருந்தது என்று எழுதிவைத்தால் எப்போது வேண்டுமானாலும் பழைய நிலைக்குத் திரும்பலாம். எங்கள் தொழிலில் இதை பேக்கப் என்போம். ஒரு சனிக்கிழமை போகும், காசு போகாது.

இன்னொன்று தெர்மோஸ்டாட் இருக்கும் இடம். பெரும்பாலும் கீழ்த்தள நடையில் மாட்டியிருப்பார்கள். அமெரிக்கர் வாரன் ஜான்சன் 1883ல் மின்சார அறைத் தெர்மோஸ்டாட்டுக்குக் காப்புரிமை பெற்றார். அதன் அடிப்படை வேலை இன்றும் மாறவில்லை: தான் இருக்கும் இடத்தின் சூட்டைப் பார்த்து இயக்கு, நிறுத்து என்று சொல்வது. நடை 20 டிகிரி ஆனதும் அது பாய்லரை நிறுத்திவிடும். மாடியறை 15ல் இருப்பது அதற்குத் தெரியவே தெரியாது. நடையிலுள்ள ரேடியேட்டரைச் சற்று மூடினால், அல்லது தெர்மோஸ்டாட்டை வேறிடம் மாற்றினால் பல வீடுகளில் இதுவே தீர்வு. அதேபோல, சீக்கிரம் சூடாகட்டும் என்று 30ல் வைப்பதால் சாதாரண இயக்கு-நிறுத்து வகைத் தெர்மோஸ்டாட்டில் வேகம் கூடாது. அது ஆக்சிலரேட்டர் இல்லை, சுவிட்ச்.

3. வந்தது தங்குகிறதா?

இரண்டாவது கேள்வியும் தாண்டிவிட்டோம். எல்லா ரேடியேட்டரும் மேலும் கீழும் சூடு. அறை இன்னும் 14ல் நிற்கிறது. இங்கேதான் ஒரு சின்னக் கணக்குப் போடவேண்டும்.

ஒரு பழைய செங்கல் வீட்டின் மாடியறையை எடுத்துக்கொள்ளுங்கள். நீளம் 4 மீட்டர், அகலம் 3.5, உயரம் 2.6. ஒரு பக்கம் மட்டும் வெளிச்சுவர், அதில் 2 சதுர மீட்டர் ஜன்னல். மற்ற சுவர்களுக்கும் தரைக்கும் அந்தப்பக்கம் இதே சூட்டிலுள்ள அறைகள், மேலே லாஃப்ட். உள்ளே வெளியே ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால் ஒரு சதுர மீட்டர் வழியாக எத்தனை வாட் வெளியே போகும் என்பதை யூ-மதிப்பு என்பார்கள். இடைவெளி இல்லாத ஒன்பது அங்குலச் செங்கல் சுவருக்கு ஏறக்குறைய 2.1. பழைய இரட்டைக் கண்ணாடிக்கு 2.8. இன்சுலேஷன் இல்லாத லாஃப்ட்டுக்கு 2.3.

சுவர்: 8.4 சதுர மீட்டர், 17.6 வாட். ஜன்னல்: 5.6 வாட். மேற்கூரை: 14 சதுர மீட்டர், 32.2 வாட். அறையின் காற்று மணிக்கொருமுறை மாறுகிறது என்று கொண்டால் அதற்கு 12 வாட். மொத்தம் ஒரு டிகிரிக்கு 67 வாட் சொச்சம். வெளியே 0, உள்ளே 20 வேண்டும் என்றால் 1,350 வாட் விடாமல் தேவை.

அறையில் 1,500 வாட் ரேடியேட்டர் இருக்கிறது. போதுமே என்று தோன்றும். ஆனால் அந்த 1,500 என்பது ரேடியேட்டரின் சராசரிச் சூடு அறையைவிட 50 டிகிரி அதிகமாக இருக்கும்போது, அதாவது 75 டிகிரித் தண்ணீர் உள்ளே போய் 65ல் திரும்பும்போது, கிடைக்கும் அளவு. நீங்கள் கேஸ் மிச்சம் பிடிக்கப் பாய்லரை 60ல் வைத்து, தண்ணீர் 40ல் திரும்பினால் சராசரி 50. அறை 20 என்றால் வித்தியாசம் 30தான். அப்போது ரேடியேட்டர் தருவது ஏறக்குறைய பாதி, 770 வாட்.

1,350 தேவை, 770 வரவு. பற்றாக்குறை பட்ஜெட். அறை எங்கே போய் நிற்கும்? வரவும் செலவும் சமமாகும் இடத்தில். கணக்குப் போட்டால் 14 டிகிரிக்குச் சற்று மேல். பாய்லர் பழுதில்லை, பம்ப் பழுதில்லை, ரேடியேட்டர் சுடுகிறது, அறை 14ல் நிற்கிறது. நண்பர் கேட்ட கேள்வி அப்படியே இதுதான்.

இப்போது இரண்டு வழி. பாய்லரின் சூட்டை 75க்கு ஏற்றினால் ரேடியேட்டர் 1,500 வாட் தரும், அறை 20ஐ எட்டும். ஆனால் திரும்பும் தண்ணீர் 65ல் வருகிறது. அது ஏறக்குறைய 55க்குக் கீழே இருந்தால்தான் புகையின் நீராவி தண்ணீராகும். கண்டென்சிங் பாய்லருக்குக் கொடுத்த காசின் பலன் குறைந்துபோகும்.

இன்னொரு வழி, லாஃப்ட்டில் 270 மில்லிமீட்டர் இன்சுலேஷன் போடுவது. யூ-மதிப்பு 2.3லிருந்து 0.16க்கு இறங்கும். கூரை வழியாகப் போன 32 வாட் 2 வாட் சொச்சம் ஆகிவிடும். அறைக்கு மொத்தத் தேவை 750 வாட். ரேடியேட்டர் 60 டிகிரித் தண்ணீரிலேயே 770 தருகிறது. அதே பாய்லர், அதே ரேடியேட்டர், அறை 20 டிகிரி.

பெரிய பாய்லர் வாங்கினால் இந்தக் கணக்கில் எந்த எண் மாறுகிறது என்று பாருங்கள். ஒன்றும் மாறவில்லை. காம்பி பாய்லரின் 24, 30 கிலோவாட் எல்லாம் குழாய் வெந்நீருக்காக வைத்த அளவு. நிமிடத்துக்கு 12 லிட்டர் தண்ணீரை 35 டிகிரி ஏற்ற 29 கிலோவாட் வேண்டும். வீட்டைச் சூடாக்க மூன்று படுக்கையறை வரிசை வீட்டுக்குக் கடுங்குளிரிலும் பெரும்பாலும் 10 கிலோவாட்டுக்குள்தான் தேவைப்படும். பாய்லரிடம் சக்தி ஏற்கெனவே மிச்சம் இருக்கிறது. அறைக்குள் வருவதை முடிவுசெய்வது ரேடியேட்டரின் அளவும் தண்ணீரின் சூடும். வெளியே போவதை முடிவுசெய்வது சுவரும் கூரையும் இடுக்குகளும்.

ஒரு வீட்டில் நடந்தது

சென்ற குளிர்காலத்தில் நண்பர் ஒருவரின் அம்மா ஆறு மாதம் தங்க ஊரிலிருந்து வந்திருந்தார். எழுபதைத் தாண்டியவர். மாடியில் பின்பக்க அறை. "கை வச்சா சுடுதுப்பா, படுத்தா மட்டும் சில்லுன்னு இருக்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வந்து பார்த்தவர் புதுப் பாய்லருக்கு விலைப்பட்டியல் கொடுத்துவிட்டுப் போனார். நண்பர் கையெழுத்துப் போடும் நிலையில் இருந்தார்.

நாங்கள் அறையில் ஒரு சாதாரண வெப்பமானியை வைத்தோம். இரவு முழுக்க ஹீட்டிங் ஓடியும் காலையில் 15. உலக சுகாதார நிறுவனம் 2018ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், குளிர்காலத்தில் வீட்டுக்குள் குறைந்தபட்சம் 18 டிகிரி இருக்கவேண்டும், முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் அதைவிடக் கூடுதலாகத் தேவைப்படலாம் என்கிறது. குளிரில் இரத்த அழுத்தம் ஏறும், மூச்சுக்கோளாறு கூடும். இது வசதிக்குறைவு மட்டும் சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை.

தொட்டுப்பார்த்துத் தாளில் எழுதினோம். பின்னறை ரேடியேட்டர் மேலும் கீழும் சூடு, ஆனால் மற்றவற்றைவிட மந்தம். லாக்ஷீல்டுகளைச் சரிசெய்ததில் காலையில் 16 ஆனது. பிறகு லாஃப்ட்டில் ஏறி விளக்கடித்துப் பார்த்தால், பின்னறைக்கு நேர்மேலே இன்சுலேஷன் சுருட்டி ஓரமாகத் தள்ளியிருந்தது. முன்பு எப்போதோ மின்வேலைக்கு வந்தவர்கள் ஒதுக்கிவிட்டு அப்படியே விட்டிருக்கிறார்கள். திரும்ப விரித்து, குறைந்த இடத்துக்கு நாலு சுருள் வாங்கிப் போட்டோம். ஜன்னல் சட்டத்துக்கு இடுக்குப்பட்டை ஒட்டினோம். அடுத்த வாரமும் வெளியே அதே குளிர்தான், அறை 19. பாய்லர் பழையதேதான் இன்றும் ஓடுகிறது.

ஈரமும் சேர்ந்தது

நம் வீடுகளுக்கு இன்னொன்று சொல்லவேண்டும். சோறு வடிப்பது, இட்லி வேகவைப்பது, ரேடியேட்டர்மேல் துணி காயப்போடுவது எல்லாம் காற்றில் ஈரத்தைச் சேர்க்கும். 20 டிகிரியில் 60 சதவீத ஈரப்பதம் உள்ள காற்று 12 டிகிரிப் பரப்பைத் தொட்டால் தண்ணீராக வேர்க்கும். குளிர்ந்த மூலையில் கறுப்புப் பூஞ்சை வருவது இதனால்தான். சமைக்கும்போது வெளியேற்றும் விசிறியைப் போடுங்கள், அலமாரியை வெளிச்சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். குளிருக்குப் பயந்து எல்லா ஓட்டையையும் அடைத்துவிடவும் கூடாது. தரைக்குக் கீழே காற்றுப்போக வெளிச்சுவரில் வைத்த ஓட்டைச் செங்கற்கள் மரத்தரை அழுகாமல் காப்பவை. பாய்லருக்கோ கேஸ் நெருப்புக்கோ வைத்த காற்றுவழியை அடைப்பது உயிருக்கே ஆபத்து.

ஆளைக் கூப்பிடும்போது

பாய்லரை மாற்றவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வெப்பமாற்றி விரிசல் விட்டாலோ, உதிரிபாகமே கிடைக்காவிட்டாலோ மாற்றித்தான் ஆகவேண்டும். அதை முடிவுசெய்வதற்கு முன் கையில் மூன்று காகிதங்கள் இருக்கட்டும்: ரேடியேட்டர்களைத் தொட்டு எழுதிய தாள், இரண்டு மூன்று நாள் அறை வெப்பநிலைக் குறிப்பு, அறைவாரியான வெப்ப இழப்புக் கணக்கு. வருபவரிடம் "என் வீட்டுக்கு எத்தனை கிலோவாட் தேவை என்று கணக்குப் போட்டீர்களா?" என்று கேளுங்கள். வீட்டைச் சுற்றிப் பார்க்காமல், பழைய பாய்லரின் எண்ணைப் பார்த்து அதைவிடப் பெரியதைச் சொல்பவராக இருந்தால் இன்னொருவரையும் கூப்பிட்டுப் பாருங்கள்.

நாளைக்கே ஹீட் பம்புக்கு மாறினாலும் இதே கணக்குத்தான் முதலில் வேண்டும். அது 45 டிகிரி போன்ற குறைந்த சூட்டுத் தண்ணீரில்தான் நன்றாக ஓடும். 60 டிகிரியிலேயே பற்றாக்குறை காட்டும் அறை 45ல் என்ன ஆகும் என்று மேலேயுள்ள எண்களை வைத்து நீங்களே போட்டுப்பார்க்கலாம். நீள அகலத்தை அளந்து அறைக்குப் பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும். கணக்கில் எங்காவது சிக்கினால் அறையின் அளவுகளோடு எனக்கு எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.